உடற்கல்வியைக் கல்வியாக்கிய ஹாரி குரோ பக்

நம் கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மலரில் யாருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதலாம் என்று எண்ணியபோது, நம் சமுதாயத்தின் விடிவுக்காகப் பாடுபட்ட பெருந்தலைவர் பலர் நினைவுக்கு வந்தனர். அவர்தம் வரலாறுகள் பலமுறை எழுதப்பட்டுள்ளன, இனியும் எழுதப்படும். நாம் ஈண்டு எடுத்துக்கொண்டிருப்பவர் நம் நாட்டில் பிறந்தவரும் அல்லர்; நம் சமுதாயத்தைச் சேர்ந்தவரும் அல்லர். அமெரிக்காவில் பிறந்து, சென்னைக்கு வந்து, உடற்கல்வி என்னும் ஒரு துறையை இந்நாட்டில் முறையான படிப்பாக நிலைநாட்டி மறைந்தவர் அவர். ஹாரி குரோ பக் என்பது அவர் பெயர்.

அவரை ஏன் எழுத வேண்டும் என்ற கேள்வி எழலாம். மருத்துவம் படியுங்கள், பொறியியல் படியுங்கள், ஆசிரியப் பயிற்சி பெறுங்கள் என்று நம் இளைஞர்க்கு ஓயாது சொல்லி வருகிறோம். உடற்கல்வி படிக்கலாம் என்று சொன்னால் மட்டும் பெற்றோர் முகம் சுளிக்கின்றனர். மதிப்பெண் குறைந்தவன் போகும் இடம் அது என்று எண்ணுகின்றனர். நாள் முழுதும் காட்டிலும் கழனியிலும் உடம்பை முறித்துக்கொள்ளும் குடும்பத்தில் பிறந்த பிள்ளை, கல்லூரிக்குச் சென்றும் உடம்பைப் பற்றியே படிப்பதா என்று வருந்தும் தாய்மார்களை அயோத்தியாப்பட்டணத்துச் சுற்று வட்டாரத்தில் நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அவர்தம் வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் அவ்வெண்ணம் திருத்தப்பட வேண்டிய ஒன்று. அதைத் திருத்துவதற்குப் பக் அவர்களின் வாழ்க்கையைக் காட்டிலும் சிறந்த சான்று வேறில்லை.

பிறப்பும் பயிற்சியும்

ஹாரி குரோ பக் 1884-ஆம் ஆண்டு அமெரிக்க ஐக்கிய நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில் லிவர்பூல் என்னும் சிற்றூரில் பிறந்தார். இங்கிலாந்தில் உள்ள புகழ்பெற்ற லிவர்பூல் நகரம் வேறு, இது வேறு. இளமையிலேயே விளையாட்டில் நாட்டம் மிகுந்த அவர், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் கிறித்தவ இளைஞர் சங்கம் நடத்தி வந்த பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து உடற்கல்வி பயின்றார்.

இச்சங்கத்தைப் பற்றியும் இக்கல்லூரியைப் பற்றியும் சிறிது சொல்லியாக வேண்டும். ஒய்.எம்.சி.ஏ. என்று நாம் அழைக்கும் கிறித்தவ இளைஞர் சங்கம் 1844-இல் இலண்டன் மாநகரில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்னும் துணிக்கடை ஊழியரால் தொடங்கப்பெற்றது. பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்து, கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்துச் சோர்ந்த இளைஞர்க்கு நல்ல பொழுதுபோக்கும் நல்ல நட்பும் கிடைக்க வேண்டும் என்பதே அதன் தொடக்க நோக்கம். அமெரிக்காவுக்குப் பரவியபின் அச்சங்கம் உடல், மனம், ஆன்மா ஆகிய மூன்றும் ஒருங்கே வளர வேண்டும் என்ற கொள்கையை ஏற்று, முக்கோணத்தைத் தன் சின்னமாகக் கொண்டது. ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரி அக்கொள்கையின் உலைக்களம். அங்கேதான் 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், குளிர்காலத்தில் கூரைக்குள்ளே விளையாட ஓர் ஆட்டம் வேண்டும் என்று எண்ணி, பழக்கூடை இரண்டை உயரத்தில் மாட்டிக் கூடைப்பந்தாட்டத்தைப் படைத்தார். அக்கல்லூரியில் பயின்ற வில்லியம் மார்கன் 1895-இல் கைப்பந்தாட்டத்தை வகுத்தார். இன்று நம் ஊர்ப் பள்ளித் திடல்களில் மாலை வேளையில் ஆடப்படும் இரண்டு ஆட்டங்கள் அந்த ஒரு கல்லூரியின் கொடை என்பது நினைவில் வைக்கத்தக்கது.

ஆட்டம் என்பது தானாக முளைப்பது மட்டுமன்று. தேவையறிந்து, சிந்தித்து, விதி வகுத்துப் படைக்கப்படுவதும் ஆகும் என்ற எண்ணம் நிலவிய அவ்விடத்தில் பயின்றதால், பக் அவர்களுக்கு உடற்பயிற்சி என்பது அறிவுத் துறைகளுள் ஒன்றாகவே தோன்றியது. இந்த எண்ணத்தோடுதான், முதல் உலகப் போர் முடிந்த சிறிது காலத்தில் அவர் சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

அன்றைய நிலை

அவர் வந்தபோது நம் நாட்டில் உடற்பயிற்சியே இல்லாமல் இல்லை. தண்டாலும் பஸ்கியும், கர்லாக்கட்டையும் சிலம்பமும், மற்போரும் சடுகுடுவும் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தவை. ஆனால் அவை பள்ளிக்கு வெளியே இருந்தன. பள்ளிக்குள் இருந்தது டிரில் ஒன்றே. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த சிப்பாய் ஒருவரை அழைத்துக் குறைந்த சம்பளத்துக்கு அமர்த்துவர். அவர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கையை உயர்த்து, காலை மடக்கு என்று ஆணையிடுவார். அந்த அசைவினால் எந்தத் தசை வலுப்பெறும், எந்த வயதுப் பிள்ளைக்கு எது தகும், பசியோடு வந்த பிள்ளையை ஓடவிடலாமா என்பன பற்றி அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் எவருமில்லை. மற்ற ஆசிரியர்கள் அவரைத் தம்மோடு ஒருவராக மதிக்கவும் இல்லை. குற்றம் அவருடையதன்று; அத்துறைக்கென்று ஒரு படிப்பே இல்லாதிருந்தது.

விளையாட்டுக் கழகங்களோ வெள்ளையருக்கும் செல்வருக்கும் உரியனவாக இருந்தன. அவற்றுள் நம்மவர் நுழைவு எத்தகையது என்பதற்கு ஒரு சான்று போதும். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த பல்வங்கர் பாலு அக்காலத்தின் தலைசிறந்த சுழற்பந்து வீச்சாளர்களுள் ஒருவர். புனே நகரில் வெள்ளையரின் கிரிக்கெட் கழகத்தில் திடலைப் பேணும் வேலைக்குச் சேர்ந்து, அவர்களுக்குப் பந்து வீசி வீசியே ஆட்டத்தைக் கற்றவர். 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் இடம்பெற்று நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். களத்தில் அவர் கையிலிருந்து பந்தைப் பெற்ற அதே அணியினர், இடைவேளையில் அவருக்குத் தனிக் குவளையில் தேநீர் கொடுத்தனர். இவ்வளவு திறமை இருந்தும் இந்துக்கள் அணியின் தலைமைப் பதவி அவருக்குக் கிட்டவில்லை. அவர் தம்பி விட்டலுக்குத்தான் 1923-இல் அது கிட்டியது.

திறமை ஒருவனைக் களத்துக்குள் கொண்டு சேர்க்கும். ஆனால் களத்தை நடத்தும் அதிகாரத்தைத் தானாகத் தந்துவிடாது என்பது பாலுவின் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் பாடம். அந்த அதிகாரத்தைப் பெறுவதற்கான ஒரு வழி, பயின்று பெறக்கூடிய ஒரு வழி, பக் அவர்களால் 1920-ஆம் ஆண்டு சென்னையில் திறக்கப்பட்டது.

ஐவரோடு தொடங்கிய பள்ளி

சென்னையில் கிறித்தவ இளைஞர் சங்கம் 1890-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பெற்றிருந்தது. அச்சங்கத்தின் சார்பில் 1920-இல் உடற்கல்விப் பயிற்சிப் பள்ளி ஒன்றைப் பக் தொடங்கினார். முதலில் சேர்ந்த மாணவர் ஐவரே. ஆசியாவில் இத்துறைக்கென ஏற்பட்ட முதல் பயிற்சி நிலையம் இதுவே என்பர். ஐந்து பேரைக் கொண்டு பள்ளி நடத்துவதா என்று எள்ளியவர் இருந்திருக்கலாம். நம் கல்விக் கழகத்தையும் ஒருசிலரே தொடங்கினர் என்பதை அறிந்த நமக்கு அந்த ஐவரின் அருமை நன்கு விளங்கும்.

அப்பள்ளியிலும், அது வளர்ந்த கல்லூரியிலும், பின்னர் அதைப் பின்பற்றி எழுந்த பிற கல்லூரிகளிலும் என்ன கற்பிக்கப்பட்டது என்பதை நம் இளைஞர் அறிய வேண்டும். எலும்பும் தசையும் நரம்பும் எவ்வாறு அமைந்துள்ளன என்பதைக் கூறும் உடற்கூற்றியல்; இதயமும் நுரையீரலும் எவ்வாறு இயங்குகின்றன என்பதைக் கூறும் உடலியங்கியல்; தூய்மை, உணவு, தொற்றுநோய்த் தடுப்பு ஆகியவற்றைக் கூறும் நலக்கல்வி; முதலுதவி; பிள்ளைகளின் மனப்போக்கை அறிய உதவும் உளவியல்; கற்பிக்கும் முறை; திடல் அமைத்தலும் போட்டி நடத்தலும் நடுவர் பணியும் எனப் பலவும் அதனுள் அடங்கும். காலையும் மாலையும் திடலில் பயிற்சி. இடையில் வகுப்பறையில் பாடம். உடம்பால் செய்ததை அறிவால் விளங்கிக்கொள்ளவும், அறிவால் அறிந்ததை உடம்பால் செய்து காட்டவும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் தேர்ச்சி இல்லை.

பக் அவர்களின் முறையில் மற்றொரு சிறப்பும் உண்டு. வலிமை மிக்க பதினொருவரைத் தேர்ந்தெடுத்து அவர்களை மட்டும் ஆடவிட்டு, மற்றப் பிள்ளைகளை வேடிக்கை பார்க்க வைப்பது உடற்கல்வி ஆகாது என்பது அவர் கொள்கை. நோஞ்சான் பிள்ளையும் ஓட வேண்டும். கூச்சப்படும் பிள்ளையும் பந்தைத் தொட வேண்டும். ஒரு பள்ளிக்குள்ளேயே பிள்ளைகளைப் பல குழுக்களாகப் பிரித்து எல்லாரும் பங்குபெறும்படி போட்டி நடத்தும் வழக்கம் இக்கொள்கை பற்றி வளர்ந்ததே. மேல்நாட்டு ஆட்டங்களோடு நம் நாட்டு உடற்பயிற்சிகளும் கல்லூரியில் இடம்பெற்றன. இந்நாட்டு வெயிலையும், நம் பள்ளிகளின் வறுமையையும், விலைமிக்க கருவிகள் வாங்க இயலாத நிலையையும் அறிந்தே பயிற்சி அமைய வேண்டியிருந்தது.

விளையாட்டு விதிகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட ஆங்கில நூல் பலமுறை பதிப்பிக்கப்பெற்று, நாடெங்கும் உடற்பயிற்சி ஆசிரியர்களின் கைந்நூலாக விளங்கியது. விதிநூல்தானே என்று அதை எளிதாக எண்ணிவிடக்கூடாது. எழுதப்பட்ட விதி இல்லாத இடத்தில் வலியவன் சொல்வதே விதி. ஊர்த் திருவிழாச் சடுகுடுவில் யார் பெரிய வீட்டுப் பிள்ளையோ அவன் தொட்டால் தொட்டதாகவும், தொடவில்லை என்றால் தொடவில்லையாகவும் முடிந்த காலத்தை நம் முதியோர் அறிவர். கோடு கிழித்து, விதியை அச்சிட்டு, நடுவர் கையில் விசிலைக் கொடுத்தபின் அவ்வழக்கு எடுபடாது. எழுத்து நமக்குத் துணை நிற்பது ஏட்டுக்கல்வியில் மட்டுமன்று. ஆடுகளத்திலும் அது துணை நிற்கிறது.

சென்னை அரசுக்கு உடற்கல்வி பற்றிய ஆலோசகராகவும் பக் பணியாற்றினார். பயிற்சி பெற்ற ஆசிரியரே பள்ளியில் உடற்பயிற்சி கற்பிக்க வேண்டும் என்ற நிலை படிப்படியாக வேரூன்றியது. டிரில் மாஸ்டர் நின்ற இடத்தில் உடற்கல்வி ஆசிரியர் வந்து நின்றார்.

பாரிசும் பொதுச் சாலையும்

1924-ஆம் ஆண்டு பாரிசு மாநகரில் ஒலிம்பிக் போட்டிகள் நிகழ்ந்தன. அதற்கு இந்திய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முயற்சியில் தொழிலதிபர் சர் தோராப்ஜி டாட்டாவுக்குக் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் டாக்டர் நோரென் துணை நின்றார். இந்திய அணியின் மேலாளராகப் பாரிசுக்குச் சென்றவர் பக். 1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைவதற்கு இம்மூவரின் உழைப்பும் அடிப்படையாயிற்று.

அவ்வணியில் இருந்தவர்களுள் ஒருவர் சி.கே. இலட்சுமணன். அன்று சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்த கண்ணூரில் பிறந்தவர். தடை தாண்டி ஓடும் பந்தயத்தில் பாரிசில் ஓடினார். மருத்துவரான அவர் பின்னாளில் நாட்டின் பொதுச் சுகாதாரத் துறையில் உயர் பதவிகளை வகித்தார். ஓடுகளமும் உடல்நலமும் வெவ்வேறு துறைகள் அல்ல. ஒரே கல்வியின் இரு பக்கங்கள் என்பதற்கு அவர் வாழ்க்கை நல்ல சான்று.

இதே 1924-ஆம் ஆண்டில்தான் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். பொதுச் சாலைகளிலும் தெருக்களிலும் ஒடுக்கப்பட்ட மக்கள் தடையின்றி நடக்கவும், பொதுக் கிணறு, குளம் முதலியவற்றைப் பயன்படுத்தவும் உரிமை உண்டு என்பது அதன் பொருள். அரசும் அதை ஏற்று ஆணை பிறப்பித்தது. இந்திய வீரன் ஒருவன் பாரிசில் ஓடிய ஆண்டில், நம் முன்னோர் தம் சொந்த ஊர்ச் சாலையில் நடப்பதற்கே சட்டமன்றத் தீர்மானம் வேண்டியிருந்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் நாம் கடந்து வந்த தொலைவும், இனிக் கடக்க வேண்டிய தொலைவும் விளங்கும்.

பக் அவர்கள் சாதியை ஒழிப்பதற்காக இந்நாட்டுக்கு வந்தவர் அல்லர். ஆங்கில ஆட்சிக் காலத்தில், ஒரு சமயச் சங்கத்தின் ஊழியராக வந்தவர். அவர் செய்யாததைச் செய்ததாகச் சொல்லிப் புகழ வேண்டுவதில்லை. ஆயினும் அவர் வகுத்த படிப்பின் தன்மையிலேயே ஒரு சமத்துவம் அடங்கியிருந்தது. சடுகுடு ஆட வேண்டுமெனில் ஒருவன் மற்றொருவனைப் பிடித்தாக வேண்டும். தீட்டு என்று விலகி நிற்பவன் தோற்றுப்போவான். முதலுதவி கற்பவன் அடிபட்டவனின் காலைத் தன் மடிமீது வைத்துக் கட்டியாக வேண்டும். தொடாமல் நடத்த முடியாத கல்வி ஒன்று உண்டெனில் அது உடற்கல்வியே. தீண்டாமையை மறுத்து மேடையில் பேசாமலே திடலில் மறுக்கும் ஆற்றல் அதற்கு உண்டு.

சைதாப்பேட்டைத் திடல்

சென்னை நகரின் நடுவே தொடங்கிய பள்ளி வளர்ந்து, சைதாப்பேட்டையை அடுத்து அடையாற்றங்கரை ஓரமாகப் பரந்த நிலத்தில் கல்லூரியாக நிலைபெற்றது. இன்று நந்தனம் என வழங்கும் அப்பகுதியில் மரங்கள் அடர்ந்த அத்திடலை இப்போதும் காணலாம். இந்நாட்டின் பல மாகாணங்களிலிருந்தும் மாணவர் அங்கு வந்து பயின்றனர். 1940-இல் பெண்களும் சேர்க்கப்பெற்றனர். பெண்பிள்ளை ஓடுவதும் தாண்டுவதும் கூடாது என்றிருந்த காலத்தில் இது சிறிய மாறுதல் அன்று.

பக் அவர்களிடம் பயின்றவர்கள் தாமும் கல்லூரிகளை உருவாக்கினர். அவருடைய மாணவர்களுள் பி.எம். ஜோசப் குறிப்பிடத்தக்கவர். பம்பாயை அடுத்த காந்திவலியில் 1938-இல் ஏற்பட்ட உடற்கல்விப் பயிற்சி நிலையத்துக்கும், பின் குவாலியரில் 1957-இல் நடுவண் அரசு நிறுவிய இலட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரிக்கும் முதல் முதல்வராக விளங்கியவர் அவர். குவாலியர்க் கல்லூரியில்தான் உடற்கல்வி மூன்றாண்டுப் பட்டப்படிப்பாகத் தொடங்கப்பெற்றது. ஐவரோடு சென்னையில் ஏற்றிய விளக்கு முப்பத்தேழு ஆண்டில் பல்கலைக்கழகப் பட்டம் வரை சென்று சேர்ந்தது.

அதைக் காணப் பக் இல்லை. 1943-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவர் காலமானார். அதற்கு அடுத்த ஆகஸ்டுத் திங்களில் நம் பெருந்தலைவர் எம்.சி. ராஜா அவர்கள் மறைந்தார். ராஜா அவர்களும் ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கியவரே. அவர் பெயரால் ஆதிதிராவிட மாணவர் தங்கிப் பயிலும் விடுதி இருப்பதும் அதே சைதாப்பேட்டையில்தான். ஒருவர் நம் பிள்ளைகளுக்குக் கல்லூரி வாயிலைத் திறக்கப் போராடியவர். மற்றவர் அவ்வாயிலுக்குள் புதியதொரு கல்வியை உருவாக்கியவர். விடுதியிலிருந்து திடலுக்கு நடந்து செல்லும் தொலைவுதான். அதை நம்மவர் போதிய அளவு நடக்கவில்லை என்பதே நம் கவலை.

உழைப்பு வேறு, பயிற்சி வேறு

இனி, தொடக்கத்தில் குறித்த தாயின் வருத்தத்துக்கு வருவோம். மண் சுமந்தும், கல்லுடைத்தும், கரும்பு வெட்டியும் பிழைக்கும் நம் மக்களுக்கு உடற்பயிற்சி எதற்கு என்று கேட்பவர் உளர். உழைப்பு வேறு, பயிற்சி வேறு என்பதே அதற்கு விடை.

நாள் முழுதும் குனிந்து களையெடுப்பவரின் முதுகு ஒரே வகையில் வளைகிறது. கூடை சுமப்பவரின் கழுத்தெலும்பு ஒரே வகையில் அழுந்துகிறது. சில தசைகள் அளவுக்கு மீறித் தேய, மற்றவை பயனின்றிக் கிடக்கின்றன. களைப்பு வந்தபோது நிறுத்தும் உரிமை உழைப்பாளிக்கு இல்லை. உழைத்த அளவுக்கு உணவும் இல்லை. இவ்வுழைப்பு பிறர் பொருட்டு உடம்பைச் செலவழிப்பது. பயிற்சியோ உடம்பை உடையவன் பொருட்டே அதைச் சேர்த்து வைப்பது. எல்லா உறுப்புகளும் ஒத்து வளருமாறு, படிப்படியாகச் சுமையை ஏற்றி, இடையிடையே ஓய்வு தந்து, ஏற்ற உணவும் அளிப்பதே பயிற்சி. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்று சொல்லும் நாம், தலைமுறை தலைமுறையாகப் பிறர் வீட்டுச் சுவரை எழுப்பியே நம் சுவரை இடியவிட்டோம்.

உடற்கல்வி கற்ற இளைஞன் ஒருவன் நம் தெருவில் இருந்தால் அவனால் என்ன பயன்? கல்லுடைக்கும் தந்தைக்குச் சுமையை எப்படித் தூக்கினால் இடுப்பு பிடிக்காது என்று சொல்வான். சோகை பிடித்த தங்கைக்கு என்ன உணவு வேண்டும் என்று சொல்வான். வெயிலில் மயங்கி விழுந்தவரைச் சுற்றிக் கூட்டம் கூடும்போது, கூட்டத்தை விலக்கி, நிழலில் கிடத்தி, செய்ய வேண்டியதைச் செய்வான். மது அருந்திய உடம்பு எவ்வாறு கெடுகிறது என்பதை அறவுரையாக அன்றி அறிவியலாக எடுத்துரைப்பான். இது மருத்துவர் இல்லாத தெருவுக்கு எத்துணைப் பெரிய துணை என்று எண்ணிப் பாருங்கள்.

பள்ளிகளில் நாம் கண்ட மற்றொன்றையும் சொல்ல வேண்டும். விளையாட்டுப் பாடவேளை வந்தால் நம் தெருப் பிள்ளைகளைத் திடலைக் கூட்டவும், உருளையை இழுக்கவும், சுண்ணாம்புக் கோடு போடவும் அனுப்பிவிட்டு, கோடு போட்டபின் வேறு பிள்ளைகளை ஆடவிட்ட பள்ளிகள் உண்டு. தேர்வு நெருங்கினால் அப்பாடவேளையையே வேறு பாடத்துக்கு எடுத்துக்கொள்வது இன்றும் பல இடங்களில் வழக்கம். வீட்டில் விளையாட இடமில்லாத பிள்ளைக்கு வாரத்தில் கிடைக்கும் அந்த இரண்டொரு பாடவேளையே திடல். அதைப் பறிப்பது அவன் தட்டிலிருந்து உணவை எடுப்பதற்கு ஒப்பாகும். விசிலைக் கையில் வைத்திருப்பவர் நம் நிலையை அறிந்தவராக இருந்தால் உருளையை எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து இழுப்பர். எல்லாப் பிள்ளைகளும் ஆடுவர். நம் பிள்ளைகள் இப்படிப்பைப் படிக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதன் உட்பொருள் இதுவே.

இன்றைய வாய்ப்புகள்

இன்று உடற்கல்வி பல்கலைக்கழகப் படிப்பாக முழுமை பெற்றுள்ளது. அதற்கெனவே தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் 2005-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் அதன் வளாகம் உள்ளது. மேல்நிலைக் கல்வி முடித்தோர் மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் சேரலாம். ஏதேனும் ஒரு பட்டம் பெற்றோர் இரண்டாண்டு பி.பி.எட். படித்து ஆசிரியத் தகுதி பெறலாம். அதன்மேல் எம்.பி.எட்., ஆய்வுப்பட்டம் எனத் தொடரலாம். பயிற்றுநராக விரும்புவோர்க்குப் பாட்டியாலாவில் 1961-இல் ஏற்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனம் உள்ளது. கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் இராமகிருஷ்ண மிஷன் வித்தியாலயத்தின் மாருதிக் கல்லூரி, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துறை முதலியனவும் இப்படிப்பைத் தருகின்றன.

சேர்க்கையின்போது மதிப்பெண்ணோடு உடல்திறனும், விளையாட்டுப் போட்டிகளில் பெற்ற சான்றிதழ்களும் கருதப்படும். ஆதலால் பள்ளியில் பயிலும்போதே வட்டார, மாவட்டப் போட்டிகளில் கலந்துகொண்டு சான்றிதழ்களைப் பத்திரப்படுத்த வேண்டும். நம் மாநிலத்தில் ஆதிதிராவிடர்க்கு 18 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. அதனுள் அருந்ததியர்க்கு 2009 முதல் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடும் உண்டு. அரசின் கல்வி உதவித்தொகையும் உண்டு. தனியார் கல்லூரியில் சேர எண்ணுவோர், அக்கல்லூரிப் படிப்புக்கு உரிய ஏற்பிசைவு இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். படித்தவுடன் அரசுப் பணி காத்திருக்கிறது என்று நாம் சொல்ல மாட்டோம். பணியிடங்கள் குறைவு, போட்டி மிகுதி. எனினும் பள்ளி, கல்லூரி, உடற்பயிற்சி நிலையம், விளையாட்டுப் பயிற்சி எனப் பல துறைகளில் இப்படிப்புக்கு இடமுண்டு. பெண்பிள்ளைகளையும் இதில் சேர்க்கப் பெற்றோர் தயங்கலாகாது. பருவமடைந்த பெண்பிள்ளைகள் தம் ஐயங்களைக் கூச்சமின்றிக் கேட்பதற்கு ஓர் உடற்கல்வி ஆசிரியை எத்துணை வேண்டப்படுபவர் என்பதைப் பள்ளியில் பணியாற்றுவோர் நன்கறிவர்.

ஓர் உடற்கல்வி ஆசிரியரால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாவட்டமே சான்று. சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பேருந்து மோதி வலக்கால் நசுங்கியவர். காய்கறி விற்று வளர்த்த தாயின் மகன். அவருடைய தாண்டும் திறனைப் பள்ளியில் கண்டறிந்து ஊக்குவித்தவர் உடற்கல்வி ஆசிரியரே. 2016-இல் ரியோ பாராலிம்பிக் போட்டியில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். 2021-இல் தோக்கியோவில் வெள்ளியும், 2024-இல் பாரிசில் வெண்கலமும் பெற்றார். பக் அவர்கள் இந்திய வீரர்களைப் பாரிசுக்கு அழைத்துச் சென்று சரியாக நூறாண்டு கழிந்தபின், அதே நகரில் நம் மாவட்டத்து ஏழைத் தாயின் மகன் பதக்க மேடையில் நின்றார். எல்லாரும் ஓட வேண்டும். எவரையும் வேடிக்கை பார்க்க வைக்கக்கூடாது என்ற கொள்கையின் பயன் இதுவன்றோ!

இளைஞர்காள்! பக் அவர்களின் வாழ்க்கையிலிருந்து நாம் கொள்ள வேண்டுவது ஒன்று உண்டு. பிறர் இழிவாக எண்ணிய ஒரு வேலையை அவர் இழிவாக எண்ணவில்லை; அதைக் கல்வியால் உயர்த்தினார். சிப்பாயின் கட்டளையாக இருந்ததைப் பல்கலைக்கழகப் பாடமாக்க வழிவகுத்தார். உடம்பால் உழைப்பவர் என்று நம்மைத் தாழ்த்தியது இந்நாடு. அவ்வுடம்பைப் பற்றிய அறிவையே நாம் கற்றுத் தேர்ந்து, எல்லார் பிள்ளைகளுக்கும் அதைக் கற்பிப்போராக நிமிர்ந்து நிற்பது நம்மால் இயலும். அடுத்த கல்வியாண்டில் நம் சமுதாயத்திலிருந்து ஐந்து பிள்ளைகளேனும் இப்படிப்பில் சேர நம் கழகம் ஆவன செய்யுமாயின், அதுவே இவ்வெள்ளிவிழாவின் நற்பயனாகும். பக் அவர்களும் ஐவரோடுதான் தொடங்கினார்.